நீதிபதி இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்வோர், கோப்பாய், நீர்வேலி என்னும் ஊர்களைக் கடந்ததும் சிறுப்பிட்டியை அடைவர். தோட்டக் காணிகளும் பனங்கூடல்களும் சூழ்ந்த சிற்றூர் அது. ஆயினும், தமிழ் நூல்களின் வரலாற்றிலே அது பேரூராகும். செல்லரித்த ஏடுகளோடு மறைந்தொழிய இருந்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் சூளாமணியையும் அச்சிலேற்றித் தமிழுலகுக்கு வழங்கிய இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பிறந்த ஊர் அதுவே.

பிள்ளையவர்களைப் பதிப்பாசிரியர் என அறிவோர் பலர். அவர் நீதிபதியாக வீற்றிருந்தவர் என்பதை அறிவோர் சிலரே. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அவர் நீதிபதியாயிருந்த காலம் ஏறத்தாழ மூன்றாண்டுகளே. எனினும், அம்மூன்றாண்டுகளுக்கு முன்னும் பின்னும் அவர் இயற்றிய தொண்டும் ஒரு நீதிபதியின் தொண்டாகவே கருதத்தக்கது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. தமக்கென்று பேசுதற்கு வாயில்லாது, தம் பொருட்டு வாதிப்பாரையும் பெறாது நின்ற பழந்தமிழ் நூல்களின் வழக்கைக் கேட்டு நீதி வழங்கியவர் அவர். அப்பெரியாரின் வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி, வைரவநாதர், பெருந்தேவியார் என்னும் பெற்றோருக்குப் புதல்வராய்ப் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயத்தைத் தழுவியிருந்தவர். ஆசிரியத் தொழில் பார்த்தவர். மைந்தனுக்கு முதலிற் கல்வி புகட்டியவரும் அவரே. பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்கும் பேறு பிள்ளையவர்களுக்கு வாய்த்தது. இளம் பருவத்திலே தக்க ஆசிரியரிடம் முறையாகக் கேட்ட அப்பாடமே பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணிக்கு அத்திவாரமாயிற்று.

ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையில் தொடங்கிய பிள்ளையவர்கள், அதன்பின் வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய அக்கலாசாலை, அக்காலத்து ஆசியாக் கண்டத்திலே தலைசிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாய் மதிக்கப்பட்டது. கணிதம், வானசாத்திரம், தருக்கம், மேனாட்டு விஞ்ஞானம் என்பன ஆங்கிலத்திற் போதிக்கப்பட்டன; தமிழுக்கும் அங்கே இடமிருந்தது. கேட்டதை அவ்வாறே ஏற்றுக்கொள்ளாது, காரணங் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கணக்கிட்டு முடிவுசெய்யும் பழக்கத்தை அங்குள்ள மாணாக்கர் பெற்றனர். 1852ஆம் ஆண்டளவில் அங்கே கல்வியை முடித்துக்கொண்ட பிள்ளையவர்கள் கோப்பாயில் ஆசிரியரானார். இருபது வயதையொட்டிய அப்பருவத்திலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். பின்னாளில் நீதிபதியாக அமரவிருந்தவர் முதன்முதல் அச்சிற் கொணர்ந்த நூலும் ஒரு நீதிநூலாய் அமைந்தமை பொருத்தமான நிகழ்ச்சியே.

கடல் கடந்து சென்னையில்

பேர்சிவல் பாதிரியாரை நம் அங்கத்தவர்கள் நாவலரவர்களின் சரித்திரத்தால் அறிவர். நாவலரவர்களின் தமிழறிவைத் தமது விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணையாகக் கொண்டவர் அவரே. அவர் பின்னர்ச் சென்னைக்குச் சென்று தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். அப்பத்திரிகையைக் கவனிக்கத் தக்கவர் ஒருவரை நாடியபோது, பிள்ளையவர்களை யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தார். பத்திரிகைப் பணியோடு ஆங்கில உத்தியோகத்தர் சிலருக்குத் தமிழ் கற்பிக்கும் பணியும் வந்து சேர்ந்தது. சில காலத்தில் சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதராகும் வாய்ப்பும் கிட்டியது.

1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை தாபிக்கப்பட்டது. அதன் முதலாவது பீ. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவரே. அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர், அவ்விருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் அச்செமினரியில் ஆசிரியராயும் இருந்த கறல் விசுவநாதபிள்ளை. பரந்த சென்னை மாகாணம் முழுவதிலும் முதற் பட்டதாரிகளாக எழுந்து நின்றவர் நம் சிறிய குடாநாட்டின் மக்கள் என்னும்போது எவருள்ளந்தான் பூரியாது? ஆயினும், பெருமை பேசுவதோடு நாம் நின்றுவிடலாகாது. பட்டம் பெற்ற அவர் அதனைக்கொண்டு என் செய்தார் என்பதே நாம் நோக்கவேண்டியது.

பிள்ளையவர்கள் கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிற் சிலகாலம் ஆசிரியராயிருந்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பெற்று, உயர்ந்த பதவிக்கு ஏறினார். கைநிறைந்த வேதனமும் பிறர் மதிப்பும் உடைய அவ்வுத்தியோகத்தோடு அவர் அமைந்துவிடவில்லை. அதனைப் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று, 1871ஆம் ஆண்டிலே பீ. எல். பட்டமும் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பது. இளமையிற் கற்கத் தவறினோம், இனி என் செய்வது என்று சோர்வோர்க்கு இஃதொரு நல்ல பாடமாகும். உத்தியோகத்தை விடுத்தபின்னர்க் கும்பகோணத்திலே நியாயவாதியாக அமர்ந்தார்.

தாய்ச் சமயத்துக்கு மீளுதல்

கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, கிறித்தவ கலாசாலைகளிற் பயின்று, பாதிரியார் ஒருவரால் அழைக்கப்பட்டுச் சென்னை சென்ற பிள்ளையவர்கள், அங்கே சைவராக மீண்டார். வயிற்றுப்பிழைப்பின் பொருட்டோ, பதவியின் பொருட்டோ எழுந்த மாற்றம் அன்று அது. கற்றுத் தெளிந்த அறிவினால் நிகழ்ந்த மாற்றமாகும். சைவ மகத்துவம் என்னும் நூலையும் அவர் இயற்றினார். தாம் மீண்டதோடு அமையாது, தம் நாட்டுச் சிறுவர் தம் சமயச் சூழலிலே கல்வி பெறவேண்டும் எனக் கருதி, 1876ஆம் ஆண்டளவில் ஏழாலையிலே சைவ வித்தியாசாலையொன்றைத் தாபித்தார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் போன்ற பேரறிஞர் அங்கே கற்பித்தனர். தாம் சென்னையில் இருப்பினும், உழைத்த பொருளில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பி அதனை நடத்துவித்தார்.

இவ்விடத்தில் ஒன்று கூற விரும்புகின்றேன். யானும் மிஷன் கல்லூரியொன்றிற் பயின்றவன். அத்தகைய கலாசாலைகளிற் கற்ற இந்து இளைஞர் சிலர், கற்பித்தவரை இகழ்தலே தம் சமயப் பற்றுக்கு அடையாளம் என எண்ணுகின்றனர். வேறு சிலர் தம் சமயத்தை இகழ்தலே கற்றமைக்கு அடையாளம் என எண்ணுகின்றனர். பிள்ளையவர்கள் இவ்விரு வழியும் செல்லவில்லை. வட்டுக்கோட்டையிலே பெற்ற ஆராய்ச்சிப் பயிற்சியை அவர் உதறிவிடவில்லை. அதனையே கருவியாகக் கொண்டு தம் முன்னோரின் செல்வத்தை மீட்டார். கருவியைத் தந்தாரையும் மறவாது, செல்வத்தைத் தந்தாரையும் மறவாது வாழ்தல் அவர்பால் நாம் கற்கவேண்டிய பண்பாகும்.

பிள்ளையவர்களின் குடும்ப வரலாற்றிலே இதனோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அவர் மைந்தர் அழகசுந்தரம் பின்னாளிற் கிறித்தவ சமயத்தைத் தழுவிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி எனப் பெயர் பூண்டார். தந்தை விட்டு வந்த சமயத்தை மைந்தர் நாடிச் சென்றார். ஆயினும் அம்மைந்தரே பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து, சைவ நாயன்மாரின் திருப்பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழும் கற்பித்தார். சமயம் வேறுபட்டும், தந்தையார் வீட்டிலே ஊறிய தமிழ் அவரை விட்டகலவில்லை.

நாவலரவர்கள் விட்ட பணி

1868ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. நாவலரவர்கள் பரிசோதிக்க, பிள்ளையவர்கள் அதனைப் பதிப்பித்தார். ஒரு நூலை எத்துணைக் கவனத்தோடு பதிப்பித்தல் வேண்டும் என்பதைப் பிள்ளையவர்கள் நேரிற் கண்டது அம்முயற்சியிலேயாம். 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நாவலரவர்கள் சிவபதமடைந்தார்கள். அதன்பின் பழைய இலக்கண இலக்கியங்களை அச்சேற்றும் பணியை யார் ஏற்பார் என்னும் வினா எழுந்தது. நாவலரவர்களுக்கு நிகராகத் தம்மை எண்ணாத பிள்ளையவர்கள், பிறர் முன்வராமை கண்டு தாமே அப்பாரத்தைச் சுமக்கத் துணிந்தார்.

அப்பொழுது அவருக்கு வயது ஐம்பதை அணுகியிருந்தது. உலகத்தார் பலர் ஓய்வை நாடத் தொடங்கும் அவ்வயதிலே அவர் தொடங்கிய பணியின் பயனை நோக்குங்கள். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் களவியலும் தணிகைப் புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம், 1892இல் சொல்லதிகாரத்துக்கு நச்சினார்க்கினியர் வகுத்த உரை. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சு வடிவம் பெற்ற நூல் பிள்ளையவர்கள் பதிப்பித்த கலித்தொகையேயாம். சங்கச் செய்யுள் என்று பெயரளவிற் கேட்டிருந்த தமிழர், தொகை நூலொன்றைக் கையிலே ஏந்திப் படிக்க நேர்ந்தது அவ்வாண்டிலேதான்.

புதுக்கோட்டை நீதிபதி

கலித்தொகை வெளிவந்த அந்த 1887ஆம் ஆண்டிலேயே பிள்ளையவர்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக நியமனம் பெற்றார். தொண்டைமான் மரபினர் ஆண்ட அச்சமஸ்தானத்தில் அக்காலத்து மன்னர் சிறுவராயிருந்தமையால், சேஷையா சாஸ்திரியார் அரசப் பிரதிநிதியாய் நின்று ஆட்சி நடத்தினார். ஆட்சிமுறையைச் சீர்திருத்தியவர் எனப் பேர் பெற்றவர் அவர். அத்தகையவர் நிருவாகத்தின்கீழ், தமக்குச் சொந்த நாடல்லாத ஒரு நாட்டிலே, நீதி வழங்கும் பொறுப்பு யாழ்ப்பாணத்தவர் ஒருவர்க்கு அளிக்கப்பட்டதெனின், பிள்ளையவர்களின் சட்ட அறிவும் ஒழுக்கமும் எத்தகையனவாய் மதிக்கப்பட்டன என்பதை நாம் ஊகித்தறியலாம். 1890ஆம் ஆண்டளவில் அப்பதவியினின்றும் ஓய்வுபெற்றார்.

நீதிமன்றப் பணி எளிதன்று. பகல் முழுதும் வாதி பிரதிவாதிகளின் வழக்குகளைக் கேட்டு, சாட்சியங்களைச் சீர்தூக்கி, தீர்ப்பெழுதிக் களைத்தவர் மாலையில் இளைப்பாறுதல் இயல்பு. பிள்ளையவர்கள் அவ்வாறு செய்தாரல்லர். சூளாமணியும் இலக்கண விளக்கமும் வெளிவந்த 1889ஆம் ஆண்டு அவர் நீதிபதியாயிருந்த காலத்ததே என்பதை நினையுங்கள். பகலில் மாந்தர் வழக்கைக் கேட்டவர், ஏனைய வேளையில் ஏடுகளின் வழக்கைக் கேட்டார்.

ஏடுகளின் சாட்சியம்

ஏட்டுச் சுவடியைக் கையாண்டு பாராத இக்கால இளைஞர்க்கு அப்பணியின் அருமை எளிதிற் புலப்படாது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. சொற்கள் பிரித்தெழுதப்படா, செய்யுள் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பதும் தெளிவாயிராது. இவை ஏடு நன்னிலையில் இருக்கும்போதே நேரும் இடர்கள். செல்லும் பூச்சியும் அரித்த ஏடாயின், எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் துளையே நிற்கும். ஓரம் முறிந்த ஏட்டில் அடியின் தலையும் கடையும் இரா. பொருளறியாது பிரதி பண்ணினோர் இடையிடையே விட்ட பிழைகளோ எண்ணில.

பனையோலை சில தலைமுறைகளே நின்று பயன்படும். அதற்குள் மற்றொரு பிரதி எழுதப்படாவிடின் அந்நூல் இறந்தது என்பதே பொருள். தலைமுறை தலைமுறையாகப் பாடஞ் சொல்லப்பட்ட நூல்கள் பிரதி பண்ணப்பட்டன. பாடஞ் சொல்வார் இல்லாத நூல்கள் மூலையிற் கிடந்தன. முன்னோர் தேடிவைத்த சுவடிகளின் அருமை அறியாத சந்ததியார் அவற்றை ஆற்றில் விட்டதும் உண்டு. அடுப்பில் இட்டதும் உண்டு. பிள்ளையவர்கள் இதனைக் கண்ணாற் கண்டு நெஞ்சு நொந்தவர். இன்னும் ஒரு தலைமுறை தாமதித்தால் மீட்கலாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எனவே, ஊரூராக ஆளனுப்பியும் கடிதம் எழுதியும் சுவடிகளைத் தேடினார். திருவாவடுதுறை ஆதீனம் முதலிய இடங்களிலிருந்து பிரதிகள் பெற்றார். ஒரு நூலுக்குக் கிடைத்த பிரதிகளை எல்லாம் ஒருங்கு வைத்து, ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு பிரதி யாது கூறுகின்றது என ஒப்பிட்டார். ஒரு சாட்சி கூறுவதை மற்றொரு சாட்சி மறுக்கும்போது, எச்சாட்சி நம்பத்தக்கது, எச்சாட்சி பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கின்றது, எச்சாட்சி தடுமாறுகின்றது என்று ஆராய்வது நீதிபதியின் கடமையன்றோ? அதே முறையை ஏடுகளின்பாற் கையாண்டார். இலக்கண அறிவும் பொருட்டொடர்பும் அவருக்குச் சட்டநூல்களாய் உதவின. தாம் கண்டவற்றையும் தமக்கு நேர்ந்த ஐயங்களையும் விரிவான பதிப்புரைகளில் எழுதிவைத்து, தம் பிழைகளை எடுத்துக்காட்டுமாறு அறிஞரை வேண்டினார். தீர்ப்புக்குக் காரணம் எழுதாத நீதிபதி நல்ல நீதிபதியல்லன் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இத்தனைக்கும் ஆகும் செலவை யார் தந்தனர்? அச்சுக்கூலியும் கடதாசி விலையும் பிரதி எழுதுவோர் கூலியும் பெரும்பாலும் அவர் கைப்பொருளிலிருந்தே சென்றன. பொருளுதவி செய்யுமாறு தமிழ்ச் செல்வரை வேண்டினார். உதவியோர் சிலர், வாளாவிருந்தோர் பலர். உத்தியோகத்தில் ஈட்டியதை நூல்களிலே செலவிட்டார். வீடும் நிலமும் தேடவேண்டிய பணத்தில் அவர் தேடியவை கறையான் தின்ற ஓலைகள்.

நடுவு நிலைமை

பிள்ளையவர்கள் பதிப்பித்த நூல்களின் வரிசையை மீண்டும் ஒருமுறை நோக்குவோம். தணிகைப் புராணம் சைவ நூல். கச்சியப்ப முனிவர் அருளியது. வீரசோழியமோ பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றியது. சூளாமணி சைனராகிய தோலாமொழித்தேவர் இயற்றியது. சைவத்தின்பால் இத்துணை உறுதி வாய்ந்த ஒருவர், பிற சமயத்தார் நூல்களைப் பொருட்படுத்தாது விட்டிருப்பின் அக்காலத்தில் அவரைக் குறைகூறுவார் எவருமில்லை. அந்நூல்கள் மூலையில் முடங்கியமைக்கு ஒரு காரணமும் சமய வேற்றுமையே. பிள்ளையவர்களோ தம் பொருளையும் கண்பார்வையையும் செலவிட்டு, சைவ நூலுக்குக் காட்டிய அதே சிரத்தையைப் பௌத்த நூலுக்கும் சைன நூலுக்கும் காட்டினார். வழக்காளியின் குலமும் சமயமும் நோக்காது வழக்கின் நியாயத்தையே நோக்குவோன் நீதிபதி. இந்து இளைஞராகிய நாம் இதனை நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும். தன் சமயத்தில் உறுதியுடையான் பிற சமயத்தார்க்கு நீதி செய்ய அஞ்சான்.

சீவகசிந்தாமணி பற்றிய நிகழ்ச்சியும் இங்கே குறிப்பிடத்தக்கது. சைன காப்பியமாகிய அதனையும் தாமே பதிப்பிக்கப் பிள்ளையவர்கள் விரும்பினார். கும்பகோணத்திலே தமிழாசிரியராயிருந்த இளைஞர் உ. வே. சாமிநாதையரவர்கள் முன்னமே அம்முயற்சியில் இறங்கியிருந்தார். இளையவர் அதனை விட்டுக்கொடுக்க இசையவில்லை. மூத்தவராகிய பிள்ளையவர்களும் போட்டிப் பதிப்பொன்று தொடங்கினாரல்லர். 1887ஆம் ஆண்டில் ஐயரவர்களின் பதிப்பு வெளிவந்தது. அதனால் தமிழே ஊதியம் பெற்றது. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் மற்றோர் இளம் புலவரின் திறமையை மெச்சித் திராவிட சாஸ்திரி என்னும் பெயரை அவருக்கு வழங்கியவரும் பிள்ளையவர்களே. தம்மினும் இளையோர் முன்னேறக் கண்டு மகிழும் உள்ளம் அவரிடத்திருந்தது.

மேன்முறையீட்டில் மாறிய ஒரு தீர்ப்பு

பெரியாரின் சரித்திரத்தை எழுதுவோர் அவர் செய்த பிழைகளை மறைத்தல் வழக்கம். பிள்ளையவர்களின் விஷயத்தில் அவ்வாறு செய்தல் அவருக்கே உவப்பாயிராது. 1885ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வெளியிட்டபோது, அதன் உரை முழுவதும் நச்சினார்க்கினியர் உரை என்றே அவர் கொண்டார். அப்பதிப்பின் இறுதியிலுள்ள இயல்களின் உரை பேராசிரியர் வகுத்ததென்பதைப் பின்னர் இரா. இராகவையங்காரவர்கள் தக்க காரணங்களோடு நிலைநாட்டினார்கள். அறிஞர் உலகம் அதனை ஏற்றுக்கொண்டது.

கீழ்மன்றத்தின் தீர்ப்பு மேன்முறையீட்டில் மாறுதல் நீதிபரிபாலனத்துக்கு இழுக்கன்று. அதுவே அதன் சிறப்பு. மூலமும் உரையும் அச்சில் இருந்தமையாலன்றோ மற்றோர் அறிஞர் அவற்றைப் படித்து, ஒப்புநோக்கி, பிழை இன்னதென எடுத்துக்காட்ட முடிந்தது? பிழை நேருமோ என அஞ்சி அவர் அச்சேற்றாது விட்டிருப்பின், திருத்துதற்கும் ஒன்றும் எஞ்சியிராது. குறையற்ற பணி செய்யும் நாள் வரட்டும் என்று காத்திருந்து காலங்கழிப்போர், இதனைச் சிந்தித்தல் நன்று.

இறுதிக் காலம்

ஓய்வுபெற்ற பிள்ளையவர்கள் சென்னைக்குத் திரும்பிப் புரசைவாக்கத்தில் வாழ்ந்தார். தொல்காப்பியத்தின் எஞ்சிய பகுதிகள் உரைகளோடு வெளிவந்தது இக்காலத்திலேதான். 1895ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் இராவ்பகதூர் என்னும் பட்டத்தை அளித்தனர். பட்டத்தால் அவர் பெருமை கூடிற்றென்பதிலும், அவரால் அப்பட்டம் பெருமை பெற்றது என்பதே பொருந்தும். 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி, தமது 68ஆவது வயதில் பிள்ளையவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார். புதிய நூற்றாண்டின் முதல் நாளில் அவர் மறைந்தார்; அந்நூற்றாண்டுத் தமிழர் கற்கவேண்டிய நூல்களை முன்னரே அச்சிட்டு வைத்துவிட்டு மறைந்தார்.

புதுக்கோட்டையில் அவர் வழங்கிய தீர்ப்புகளால் பயன் பெற்றோரும் இழப்புற்றோரும் இன்றில்லை. ஏடுகளின் வழக்கில் அவர் வழங்கிய தீர்ப்போ இன்றும் நின்று பயன் தருகின்றது. பல்கலைக்கழகங்களிலே கலித்தொகை படிக்கும் மாணவர் எவரும், பொருளதிகாரத்தைப் புரட்டும் ஆசிரியர் எவரும், சிறுப்பிட்டியாருக்குக் கடன்பட்டவரே.

நமது கடமை

அன்பிற்குரிய சங்கத்து இளைஞர்களே, பெரியோர்களே, ஏடுகள் அழிந்தது என்றோ நிகழ்ந்த கதையென நாம் எண்ணுதற்கில்லை. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பராயின. அதன்பின் வந்த போர்க்காலத்திலும் இடப்பெயர்வுகளிலும் வீடுதோறும் பேணிய நூல்கள் எத்தனையோ மறைந்தன. கறையானும் ஆற்றுவெள்ளமும் செய்ததை நம் காலத்தில் நெருப்புச் செய்தது. நூலகக் கட்டடம் மீளவும் எழுந்து நிற்கின்றது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலக முயற்சியாலே ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் படம்பிடிக்கப்பட்டு எவரும் படிக்குமாறு வைக்கப்படுகின்றன. பிள்ளையவர்கள் தொடங்கிய பணியின் வழிவந்த பணியாகவே இதனைக் கருதலாம்.

இதில் நமக்கும் பங்குண்டு. நம் ஊர்களிலே பழைய வீடுகளின் மரப்பெட்டகங்களிலும் பரண்களிலும், வைத்தியச் சுவடிகளும் சாதகக் கட்டுகளும் கோயிற் கணக்கேடுகளும் பழைய மலர்களும் இன்னும் கிடக்கின்றன. வீடு திருத்தும்போதும் இடம்பெயரும்போதும் முதலில் எறியப்படுவன அவையே. வருகின்ற விடுமுறையிலே, நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. கிடைப்பதை எறியாது, விற்காது, அறிந்த ஒருவரிடம் காட்டி, அதன் பெயரையேனும் ஒரு கொப்பியிற் குறித்து வைப்பாராக. பாட்டனார், பாட்டியார் இருக்கும்போதே அது எவருடையது, எங்கிருந்து வந்தது எனக் கேட்டறிவாராக. அவர்கள் மறைந்தபின் அந்தச் சாட்சியம் கிடையாது.

பிள்ளையவர்களுக்கு இப்பணியைச் செய்யுமாறு ஆணையிட்ட அரசு ஒன்றுமில்லை. வேதனம் கொடுத்தாருமில்லை. நீதிமன்றத்தில் அமரும்படி சமஸ்தானம் அழைத்தது. ஏடுகளின் முன் அமரும்படி அவரை அழைத்தது அவர் நெஞ்சமே. ஒருவரும் பணியாத கடமையை ஒருவன் தானே ஏற்று முடிப்பானாயின், அதுவே பொதுத்தொண்டு. அத்தொண்டினைச் சிறுப்பிட்டியிலிருந்து சென்ற ஒருவர் செய்து காட்டினார். அவர் வழிநின்று நம்மாலியன்ற சிறுபணியேனும் செய்ய எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.

வாழ்க தாமோதரம்பிள்ளையவர்கள் திருநாமம்!